வன்னியில காடும் குளமும் கெடாமல் ரிசோர்ட் கட்டுறது எப்பிடி: காணி பாக்கிறதில இருந்து கடைசி லைற் வரைக்கும்

கனடாவில இருந்து வந்து நிண்ட என்ர ஒன்றுவிட்ட தம்பி ஒருநாள் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்து, "அண்ணை, குளத்தோட நாலு ஏக்கர் சரிவந்திட்டுது, நாளைக்கே பெக்கோ விடலாமோ" எண்டு கேட்டான். மண் வெட்டுற பெக்கோ மிசினை விடு, முதல்ல ஒரு கதிரையைக் கொண்டுபோய் காணிக்குள்ள போட்டிட்டு இரு எண்டன். அவனுக்குக் கோவம் வந்திட்டுது. பிறகு அவனுக்குப் படிப்படியாச் சொன்னதெல்லாத்தையும் இப்ப ஆரும் கேட்டால் திருப்பித் திருப்பிச் சொல்ல ஏலாமல் கிடக்கு, அதுதான் ஒரேயடியா எழுதி வைக்கிறன்.

நான் பெரிய ஆக்கிடெக் இல்லை. கனகாலமா வன்னிக்குள்ள வீடு, கோயில் மடம், சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ் எண்டு படம் கீறியும் சைற்றில நிண்டும் பழகின ஆள். இதில இருக்கிறதில பாதி நான் பிழை விட்டுப் படிச்சது.

படி 1: காசு குடுக்க முதல் கடதாசி

வன்னியில கனக்கக் காணி உறுதிக் காணி இல்லை, பெர்மிட் காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ பயிர் செய்யவும் குடியிருக்கவும் குடுத்தது. அதை டி.எஸ். ஒபிஸ் (பிரதேச செயலகம்) சம்மதம் இல்லாமல் கைமாத்த ஏலாது, வெள்ளைத்தாளில எழுதி வாங்கினால் அது கடைசியில வெள்ளைத்தாள்தான். அதில ஹோட்டல் கட்டுறது இன்னும் வேற கதை, கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) கேட்டு எழுத்தில எடுக்காமல் ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

அடுத்தது காடு. ஒரு ஹெக்டயருக்கு மேல காட்டை வேற பாவனைக்கு மாத்திறது எண்டால் சுற்றாடல் சட்டப்படி மதிப்பீட்டு அறிக்கை செய்து அனுமதி எடுக்கோணும், 99 றூமுக்கு மேல போற ஹோட்டலுக்கும் அப்பிடித்தான். "நான் 12 கொட்டில்தானே போடுறன்" எண்டு நினைக்கிற ஆக்கள் முதலாவதைக் கவனிக்கிறேல்லை. சுண்டிக்குளமும் மடு றோட்டும் 2015 இல இருந்து தேசியப் பூங்கா, அப்பிடியான இடங்களின்ர எல்லையில இருந்து ஒரு மைலுக்குள்ள எண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தையும் கேக்கோணும். கடற்கரைப் பக்கம் உயர் நீர்மட்டக் கோட்டில இருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். நந்திக்கடல், நாயாறு மாதிரிக் களப்பு எண்டால் வாயில இருந்து உள்ளுக்கு 2 கிலோமீற்றர் வரைக்கும் கணக்கெடுப்பினம். குளத்தோட எண்டால் குளத்து ரிசேவேசன் (குளத்தைச் சுத்தி ஒதுக்கின காணி) எங்க முடியுது எண்டு கல்லுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கீழ, சின்னக் குளம் கமநல திணைக்களத்துக்குக் கீழ, இது தெரியாமல் பிழையான ஒபிசுக்கு மூண்டு மாசம் நடந்த ஆக்கள் இருக்கினம்.

எங்கட இடத்துக்கெண்டே ஒண்டு இருக்கு: கண்ணிவெடி அகற்றின காணிதான் எண்ட கடதாசி. பக்கத்துக் காணியில சனம் இருக்குது எண்டதை அத்தாட்சியா எடுக்காதேங்கோ. பிறகு அத்திவாரம் வெட்டேக்க பழைய பங்கரோ எச்சமோ ஏதும் வெளிக்கிட்டால் அந்த இடத்திலயே வேலையை நிப்பாட்டி கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கோ, மூடிப்போட்டுப் போக வேண்டாம்.

படி 2: ஒரு மாரியும் ஒரு கோடையும் பாக்கிறது

இதுதான் முழுக் கட்டுரையிலயும் முக்கியமான படி, இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறது.

நான் கீறின முதல் கெஸ்ட் ஹவுஸை ஆவணி மாசம் காணியைப் பாத்திட்டுக் கீறினன். தரை காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்தது, நடுவால மாடு போற தடம் மாதிரி ஒரு சின்னப் பள்ளம், அதை மட்டம் பண்ணினால் ஒரு கொட்டேஜ் வடிவா வரும் எண்டு போட்டிட்டன். மார்கழியில ஓனர் போன் பண்ணுறார், உள்ளுக்கு ஒரு சாண் தண்ணி. போய்ப் பாத்தால் அது மாட்டுத் தடம் இல்லை, மேல இருக்கிற சின்னக் குளம் நிரம்பி வான் பாயேக்க தண்ணி வாற ஓடை. ஓடைக்கு நான் வந்து கட்டினது தெரியாது, அது தன்ர வழியில வந்திருக்கு. பக்கத்து வளவில இருக்கிற ஐயா சொன்னார், "தம்பி, கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன்." அவரைக் கேக்க வேணும் எண்டு எனக்குத் தோணேல்லை.

எங்கட நிலம் பாக்கச் சமதரை மாதிரிக் கிடக்கும். மலைநாட்டில எண்டால் சரிவு கண்ணுக்குத் தெரியும், இஞ்ச ஒரு அடி உயர வித்தியாசத்திலதான் வெள்ளமும் மேடும் பிரியிறது. அதால சேவயரிட்ட ஒரு மீற்றர் கொண்டூர் (சமஉயரக் கோடு) வாங்கிப் பிரயோசனம் இல்லை, கால் மீற்றருக்கு ஒரு கோடு கீறித் தரச் சொல்லுங்கோ, கொஞ்சம் கூடக் கேப்பார், குடுங்கோ.

வன்னிக்கு மழை ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வடகீழ்ப் பருவத்தோடதான் கொட்டுறது. 2018 மார்கழியில கிளிநொச்சி, முல்லைத்தீவு முழுக்க வெள்ளம் வந்து இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 2020 மார்கழியில புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையிலதான் கரை ஏறினது. அந்த நேரம் உங்கட காணியில தண்ணி எதுவரைக்கும் நிண்டது எண்டு அயல்ச் சனத்திட்டக் கேட்டு, மரத்தில பெயின்ரால கோடு போடுங்கோ. ஒருதரும் இல்லாத காணி எண்டால் காணியே சொல்லும். பத்தையில சருகும் குப்பையும் இடுப்பளவில சிக்கிக் கிடந்தால் அதுவரைக்கும் தண்ணி ஓடியிருக்கு. நத்தைக்கோது சிதறிக் கிடக்கிற இடம் மாரியில தண்ணி நிக்கிற இடம். மருத மரம் வரிசையா நிண்டால் அதுக்குக் கீழ ஓடை இருக்கு. கறையான் புத்து பெரிசா நிக்கிற இடம் அனேகமா தண்ணி ஏறாத மேடு, (கறையான் எங்கயும் வரும், அது வேற கவலை).

கோடையிலயும் ஒரு கிழமை போய் நில்லுங்கோ. குளம் வத்தி அலைகரை எவ்வளவு தூரம் பின்னுக்குப் போகுது எண்டு பாருங்கோ. தைமாசம் எடுத்த போட்டோவில றூம் யன்னலுக்குக் கீழ தண்ணி தளும்பும், ஆவணியில அதே யன்னலால பாத்தால் 300 மீற்றருக்கு வெடிச்ச சேறும் மாடும்தான். அதுவும் ஒரு வடிவுதான், ஆனா விருந்தாளிக்கு முன்னமே சொல்லி வைக்கோணும்.

படி 3: மரக்கணக்கு, பெக்கோவுக்கு முதல்

"காணியைக் கிளீன் பண்ணுங்கோ" எண்ட வசனத்தை உங்கட வாயால சொல்லவே சொல்லாதேங்கோ. பெக்கோக்காரனுக்குக் கிளீன் எண்டால் மொட்டை.

முதல்ல நெஞ்சளவு உயரத்தில சுற்று ஒரு அடிக்கு மேல இருக்கிற எல்லா மரத்துக்கும் நம்பர் அடிச்சு, பேரோட படத்தில ஏத்துங்கோ. பாலை, வீரை, முதிரை, கருங்காலி, உலுவிந்தை, காயா, விளா, புளி, நாவல். பேர் தெரியாட்டி விறகுக்குப் போற ஒரு வயசான ஆளைக் கூட்டிக்கொண்டு நடவுங்கோ, ஒரு நாள் சம்பளம் குடுத்தால் போதும், அந்தாள் எந்த மரத்தில தேன் கட்டும், எதில பாம்பு இருக்கும், எந்தப் பாலை நல்லாப் பழுக்கும் எண்டெல்லாம் சொல்லும். பாலை மெதுவா வளர்ற மரம், இண்டைக்கு வெட்டினால் உங்கட பேரப்பிள்ளைக்கும் அந்த நிழல் திரும்பக் கிடையாது. அந்த வளர்ந்த நிழல் காசுக்கு வாங்க ஏலாது, ஆனா காணியோட உங்களுக்கு இலவசமா வந்திருக்கு.

பிறகு ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் கொப்பு எதுவரைக்கும் விரிஞ்சிருக்கோ அதுவரைக்கும் நிலத்தில வட்டம் கீறி, வட்டத்துக்குள்ள அத்திவாரம், லொறிப் பாதை, மண் குவிக்கிறது ஒண்டும் இல்லை எண்டு வையுங்கோ. மரத்தை வெட்டாமல் விட்டிட்டு அடியில ரெண்டடி கிரவல் போட்டு மூடினாலும் அது ரெண்டு வருசத்தில பட்டுப்போகும், வேருக்குக் காத்து வேணும்.

இப்ப படத்தில வெள்ளக் கோட்டையும் மர வட்டங்களையும் ரிசேவேசனையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சால் மிஞ்சிற வெள்ளை இடம்தான் நீங்கள் கட்டக்கூடிய இடம். தம்பியின்ர நாலு ஏக்கரில மிஞ்சினது ஒண்டே கால். அவன் முகம் போன போக்கை நீங்கள் பாத்திருக்கோணும். ஆனா அந்த ஒண்டே காலுக்குள்ள 8 கொட்டேஜ் வசதியா வந்திட்டுது.

படி 4: வெயிலும் காத்தும்

தம்பி ரொரன்ரோவில ஒரு ஆளிட்டக் கீறுவிச்ச படம் ஒண்டு கொண்டு வந்தான், வடிவான படம், மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, சூரியன் மறையிறதைக் கட்டிலில படுத்துக்கொண்டு பாக்கலாமாம். பின்னேரம் நாலு மணிக்கு அந்தக் கட்டிலில முட்டை பொரிக்கலாம்.

நாங்கள் இருக்கிறது ஏறக்குறைய வட அகலாங்கு 9 பாகை. சித்திரைப் புதுவருசத்தை ஒட்டி ஒருக்காலும் ஆவணி நடுவில ஒருக்காலும் சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல வரும், இந்த ரெண்டுக்கும் இடையில நாலரை மாசம் மத்தியான வெயில் வடக்குப் பக்கமா நிக்கும். குளிர் நாட்டுக்காரர் எழுதின புத்தகத்தில வடக்குச் சுவர் எப்பவும் நிழல் எண்டு இருக்கும், இஞ்ச அது சரிவராது. ஆனா வடக்கு, தெற்கு வெயில் உயரத்தால வாற வெயில், மூண்டு நாலடி இறப்பு (சுவருக்கு வெளியில நீட்டுற கூரை) இறக்கினால் தடுத்திடலாம். கிழக்கு, மேற்கு வெயிலைத்தான் தடுக்கேலாது: பின்னேரம் நாலு மணிக்கு ஏறக்குறைய 30 பாகையில சரிஞ்சு வரும், நாலடி இறப்பின்ர நிழல் சுவரில ரெண்டே கால் அடிதான் இறங்கும், மிச்சச் சுவர் முழுக்கச் சுடும். அதால கட்டடத்தின்ர நீளப்பக்கம் கிழக்கு மேற்கா ஓடட்டும், ஒடுக்கமான பக்கம் மட்டும் அந்த ரெண்டு வெயிலையும் பாக்கட்டும். மேற்கில குளம் இருந்து அந்தக் காட்சி வேணும் எண்டால் அங்கால எட்டடி விறாந்தையை வைச்சு சாய்மனைக் கதிரையைப் போடுங்கோ, ஆறு மணிக்கு வெளியில இருந்து பாக்கட்டும், றூமுக்குள்ள சின்ன யன்னல் போதும்.

காத்து ரெண்டு. வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் தென்மேற்கால சோளகம், காய்ஞ்ச காத்து, புழுதியோட வரும். மாரியில வடகிழக்கால வாடை, மழையோட வரும். சோளகத்துக்கு யன்னல் திறக்கோணும், வாடைக்கு மறைக்கோணும். எங்கட பழைய வீடுகளின்ர திண்ணையும் தாழ்வாரமும் நாற்சார் முற்றமும் இந்த ரெண்டுக்கும் இடையில பிறந்ததுதான். வடகிழக்குப் பக்கம் இறப்பை நல்லாப் பதிச்சு இறக்குங்கோ, இல்லாட்டி கார்த்திகையில கட்டில் நனையும்.

படி 5: கட்டடத்தை நிலத்தில எப்பிடி வைக்கிறது

இதுக்கு இலங்கைக்குள்ளயே போய்ப் பாக்க வேண்டிய பாடம் ஒண்டு இருக்கு, தம்புள்ளைக்குக் கிட்ட கண்டலம ஹோட்டல். ஜெஃப்ரி பாவா கீறினது, 1994 இல திறந்தது. அவருக்கு முதல்ல காட்டின இடம் சீகிரியாவுக்குக் கிட்ட, அதை வேண்டாம் எண்டு போட்டு கண்டலமக் குளத்துக்கு மேல இருக்கிற மலைச்சரிவைத் தெரிஞ்செடுத்தவர். 152 றூம், ஒரு கிலோமீற்றர் மட்டுக்கு நீளம், ஆனா குளத்துக்கு அங்கால நிண்டு பாத்தால் மலையும் கொடியும்தான் தெரியும். கட்டடம் தூணில நிக்குது, மலையால வழியிற மழைத்தண்ணி கீழால ஓடிக் குளத்துக்குப் போகும், நடைபாதைக்குள்ள பாறை அப்பிடியே நீட்டிக்கொண்டு நிக்கும், செதுக்கிச் சமப்படுத்தேல்லை. கட்டேக்க குளமும் காடும் கெட்டிடும் எண்டு பெரிய எதிர்ப்பும் நடந்தது, அதையும் சேர்த்துத்தான் வாசிக்கோணும்.

எங்களுக்குப் பாறை இல்லை, சமதரை. ஆனா தூணில வைக்கிற யோசினை வன்னிக்குச் சரியாப் பொருந்தும். வெள்ளக் கோட்டுக்கு மேல ரெண்டரை அடியில தளம் வாற மாதிரி தூண் போட்டால் தண்ணி கீழால போகும், கிரவல் நிரப்பிற செலவு இல்லை, நிலத்தை இறுக்கிறதும் இல்லை. தூண் தலையில கறையானுக்குத் தகரத் தொப்பி வையுங்கோ. கொட்டேஜ் எல்லாத்தையும் பள்ளிக்கூட வாங்கு மாதிரி வரிசையா அடுக்காதேங்கோ, மரத்துக்கு மரம் விலத்தி விலத்தி வரட்டும், ஒரு வாசலில இருந்து அடுத்த வாசல் தெரியாட்டிச் சரி. குளத்துக்குக் கிட்ட ஒண்டும் வேண்டாம். கிட்டப் போகப் போகக் காட்சி கூடும் எண்டு நினைப்பினம், உண்மையில 50 மீற்றர் பின்னால மரங்களுக்கு நடுவால தெரியிற குளம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி. முதலையும் அந்த அலைகரையிலதான் வெயில் காயும், மறக்காதேங்கோ.

கடற்கரைக் காணி எண்டால் மணல் மேட்டை வெட்டி மட்டம் பண்ணாதேங்கோ. 2004 மார்கழி 26 சுனாமி முல்லைத்தீவுக்குச் செய்ததை நான் சொல்லத் தேவையில்லை. மேட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அடம்பன் கொடியும் தாழையும், அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு சும்மாவே சொன்னது?

படி 6: என்னத்தால கட்டுறது

சுவருக்கு அமுக்கின மண் கல்லு நல்லது, மணல் கலந்த செம்மண்ணோட 5 தொடக்கம் 8 வீதம் சீமெந்து, நிழலில வைச்சு 28 நாள் பதமா நனைக்கோணும். தனிக் களியில செய்தால் வெடிக்கும். ஆத்து மணலை இரவில கொண்டுவாற ட்ரக்டரிட்ட வாங்காதேங்கோ, பெர்மிட் கேளுங்கோ, கரைஞ்சு போற ஆத்தங்கரையைப் பாத்திட்டு "இயற்கையோட இணைஞ்ச ரிசோர்ட்" எண்டு போர்ட் போட வெக்கம் வேணும். முதிரை, பாலைப் பலகையும் அப்பிடித்தான், அரச மரக் கூட்டுத்தாபனத்து ரசீது இல்லாத மரம் வேண்டாம். பழைய வீடு இடிக்கிற இடத்தில கதவு நிலை, பனஞ்சிலாகை வாங்கலாம்.

கூரைக்கு எல்லாரும் கிடுகு கேப்பினம். வடிவுதான், ஆனா ரெண்டு வருசத்துக்கொருக்கா மேயோணும், நெருப்புப் பயம், எலி, பூரான். நான் சொல்லுறது ஓடு போட்டு, சாப்பாட்டு மண்டபத்துக்கு மட்டும் கிடுகோ பனையோலையோ மேயுங்கோ, மேயிற வேலை தெரிஞ்ச ஆக்களுக்கு வருசா வருசம் கைவேலையும் கிடைக்கும். சமையலறைக்குக் கிட்ட ஓலை வேண்டவே வேண்டாம். வேலிக்கு மதில் கட்டாமல் கிளுவை, அலம்பல் போதும்.

படி 7: குடிக்கிற தண்ணியும் கழிவுத் தண்ணியும்

ஒரு விருந்தாளிக்கு நாளைக்கு 300 லீட்டர் எண்டு வையுங்கோ, 20 பேருக்கு 6,000. இப்ப கூரையைக் கணக்குப் பாருங்கோ: 200 சதுர மீற்றர் கூரை, வருசத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை, சிந்திறது போக 80 வீதம் பிடிச்சால் 1,92,000 லீட்டர். முழு ரிசோர்ட்டுக்கும் 32 நாளைக்குத்தான் காணும். ஆனா குடிக்கவும் சமைக்கவும் மட்டும் எண்டால் வருசம் முழுக்க ஓடும், அதுக்குத்தான் தொட்டி கட்டச் சொல்லுறன். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு பேருக்கு எண்டு தெரியும்தானே, கிணத்துத் தண்ணியை புளோரைட், வன்மை ரெண்டுக்கும் சோதிக்காமல் ஒருதருக்கும் குடுக்காதேங்கோ. தண்ணியில உப்பைப் பிரிக்கிற ஆர்ஓ பிளான்ட் போட்டால் அது கழிக்கிற உப்புத் தண்ணி எங்க போகுது எண்டதையும் படத்தில கீறுங்கோ, அலைகரையில விடேலாது.

கடற்கரை மணலில நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டால் கீழ ஏறக்குறைய 40 அடி இருக்கும் எண்டு கணக்கு, அதையே திருப்பிப் பாருங்கோ, பெரிய மோட்டர் போட்டு ஒரு அடி இறைச்சால் கீழ இருந்து உப்பு 40 அடி ஏறி வரும். ஒரு ஆழக் குழாய்க்கிணறுக்குப் பதிலா, தள்ளித் தள்ளி ரெண்டு மூண்டு ஆழமில்லாத கட்டுக்கிணறும் சின்ன மோட்டரும். உங்கட கிணறு உப்பானால் நீங்கள் பவுசரில தண்ணி எடுப்பியள், பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யிறது?

மலசலகூடக் குழி கிணத்தில இருந்து 30 மீற்றராவது தள்ளி, மேட்டில இல்லாமல் இறக்கத்தில. குளிக்கிற, கழுவுற தண்ணியைக் கல்லும் மணலும் நிரப்பின தொட்டியில சம்பும் கல்வாழையும் நட்டு அதுக்குள்ளால விட்டால் தோட்டத்துக்குப் பாவிக்கலாம். சுவிம்மிங் பூல் போடத்தான் வேணும் எண்டால் போடுங்கோ, குளோரின் தண்ணியைக் குளத்துப் பக்கம் மட்டும் திறக்காதேங்கோ.

படி 8: யானை, ஆமை, லைற்

யானைக்குக் காணி முழுக்கக் கரண்ட் வேலி போட்டால் அது போற வழி அடைபடும், பிறகு பக்கத்து ஊர் வயலுக்குள்ள இறங்கும். கட்டடங்களைச் சுத்தி மட்டும் போட்டு, காட்டுப் பக்கமா இருக்கிற தடத்தைத் திறந்து விடுங்கோ. வாழை, தென்னங்கன்று, கரும்பு வைக்கிறது யானைக்குக் கலியாணக் காட் குடுக்கிற மாதிரி. தோடை (ஒரேஞ்), எலுமிச்சை வையுங்கோ, வஸ்கமுவப் பக்கம் யானைக்கு விருப்பமில்லை எண்டுதான் தோடையை வேலியோட நடுவிக்கினம். அரிசி, உப்பு மூட்டையும் சாப்பாட்டுக் குப்பையும் பூட்டின கொங்கிறீட் அறைக்குள்ள.

கடற்கரையில ஆமைக்குஞ்சு பொரிச்சு வெளிக்கிடேக்க வெளிச்சமான பக்கம்தான் கடல் எண்டு நினைச்சு ஓடும். வெள்ளை புளட் லைற் போட்டால் உங்கட வாசலுக்குத்தான் வரும். முழங்கால் உயரத்துக்கு மேல லைற் வேண்டாம், மஞ்சள் நிறம், மேல மூடி, கடல் பக்கம் மறைச்சு. காட்டுக்குள்ளயும் இதேதான், வன்னி இருட்டில வானம் தெரியிறதைப் பாக்கத்தான் கொழும்பு ஆக்கள் காசு குடுத்து வருகினம்.

படி 9: வழி விடுறது

படம் முடிஞ்சு ஒப்பம் வைக்க முதல் ஒருக்கா ஊர்க் கடையில ரீ குடிச்சுக்கொண்டு விசாரியுங்கோ. உந்தக் காணிக்குள்ளால ஆர் நடக்கினம்? கோயில் பொங்கலுக்குத் தண்ணி எடுக்கப் போற பாதை இருக்கோ, கடற்கரை எண்டால் கரைவலைப் பாடு (வலை இழுக்கிற இடம்) ஆற்ற? கரைவலை இழுக்க நீளமான வெறுங்கரை வேணும், அங்க நீங்கள் ரெண்டு குடையும் கட்டிலும் போட்டால் சண்டை வராமல் என்ன வரும்.

தம்பியின்ர காணிக்குள்ளால பட்டி மாடு குளத்துக்குப் போற தடம் ஒண்டு இருந்தது. வேலியை உள்ளுக்கு எடுத்து 12 அடி விட்டம். இப்ப பின்னேரம் ஐந்து மணிக்கு நூறு மாடு புழுதியோட போகும், கொட்டேஜில இருக்கிற வெள்ளைக்காரர் கமராவோட வேலியடிக்கு ஓடுவினம், பட்டிக்கார அண்ணைக்கு அது பெரிய சிரிப்பு, போன கிழமை ரெண்டு போத்தில் தயிர் கொண்டுவந்து கிச்சினில விலை பேசிக்கொண்டு நிண்டவர்.